மூன்றாவது பாட்டில் ஓர் இருமல்

அமலநாதனின் ஓராண்டு நினைவுப் பூசை முடிந்த பிறகுதான் அவருடைய அறையை ஒழித்துப்போட மகள் கிறிஸ்டினுக்கு மனம் வந்தது. ரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்தபின் அவர், சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் தெப்ராவில் மகள் வீட்டில்தான் இருந்தார். சட்டைகளை மடித்துக் கோயிலுக்குக் கொடுக்க எடுத்து வைத்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே கேசட்டுகள். பெரும்பாலும் வானொலியிலிருந்து பதிந்த சினிமாப் பாட்டுகள், கொஞ்சம் பக்திப் பாடல்கள். எல்லாவற்றுக்கும் அடியில் பெயர் எழுதாத ஒன்று. அதன் மேல் பென்சிலால் ஒரு சிலுவை மட்டும் போட்டிருந்தது.

அது என்னவென்று கிறிஸ்டினுக்குத் தெரியும். அம்மா பாடிய கேசட்.

அவளுடைய அம்மா அமலோற்பவம் லாபிஸுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர். தோட்டத்துச் சின்னக் கிறிஸ்தவக் கோயிலில் பாடியவர். கிறிஸ்டினுக்கு இரண்டு வயதாகும்போது காய்ச்சலில் இறந்துபோனார். அம்மாவின் முகம் அவளுக்கு ஒரு கல்யாணப் படத்தில்தான் பழக்கம். குரல் இந்தக் கேசட்டில் பழக்கம். ஆண்டுதோறும் அம்மா இறந்த நாளன்று மாலையில் அப்பா குளித்துவிட்டு வந்து, "அம்மா பாடுறா, கேளுங்க" என்று சொல்லி இதைப் போடுவார். ஆர்மோனியம் எழும்பும். ஒரு பெண்குரல் மெல்லிசாக, விறுவிறுவென்று மேலே ஏறும். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் தங்கள் அம்மாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கிறிஸ்டினுக்கு அந்தக் குரல்தான் நினைவுக்கு வரும்.

அண்ணன் பிரெட்ரிக் மட்டும் அதைக் கேட்க மாட்டான். அம்மா இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. ஒருமுறை, இன்னும் பெரிய பையனான பிறகு, பாட்டின் நடுவிலேயே "இது அம்மா இல்ல" என்றான். அப்பா கேசட்டை நிறுத்தி எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பிரெட்ரிக் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவர் அதைப் போட்டதே இல்லை. பிரெட்ரிக் இப்போது சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுகிறார். விசேஷ நாள்களில் பாலத்தைக் கடந்து தங்கை வீட்டுக்கு வருவார். கேசட்டைப் பற்றி அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டதில்லை.

"கேசட்ட இப்படியே வச்சிருந்தா பூஞ்சை புடிச்சிரும் கிறிஸ்" என்றான் அவள் கணவன் ரூபேந்திரன். "எல்லாத்தயும் கம்ப்யூட்டர்ல ஏத்திரு."

ரூபேந்திரனுக்கு ஏர்கோன் குளிர்சாதனங்களைப் பழுது பார்க்கிற தொழில். பழைய சாமான் கடையிலிருந்து கேசட் டெக் ஒன்றை வாங்கிவந்தது அவன்தான். உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டிக்கிடந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டான். பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டு, நாடா உரசிப் போகும் உலோக முனையைத் துடைத்தான். டெக்கிலிருந்து ஒரு வயரை இழுத்து மடிக்கணினியில் செருகினான். ஒலி பதிவதற்கான மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது.

கிறிஸ்டின் ஒரு சரக்குக் கப்பல் முகவர் அலுவலகத்தில் குமாஸ்தா. வேலை முடிந்து வந்து, சமையலுக்கு நடுவே, சினிமாப் பாட்டுகளை வைத்துப் பழகிக்கொண்டாள். கேசட் ஓடுகிற நேரம் முழுக்க ஓடித்தான் ஆகவேண்டும், அவசரப்படுத்த வழியில்லை. ஒலியின் அளவு கூடிப்போனால் திரையில் அலைகள் மேலே முட்டிச் சிவப்பாகும், கேட்டால் கரகரக்கும். இரைச்சலை நீக்குகிறேன் என்று ரொம்பவும் நீக்கினால் பாடுகிறவர் தண்ணீருக்குள் இருந்து பாடுகிற மாதிரி ஆகிவிடும். இதெல்லாம் செய்து பார்த்துத்தான் தெரிந்தது. அப்பா வானொலிக்கு முன்னால் ரெக்கார்டரை வைத்துப் பதிந்திருந்ததால், சோகப் பாட்டு ஒன்றின் நடுவில் கோழி கொக்கரித்தது. அதை அவள் நீக்கவில்லை.

சிலுவை போட்ட கேசட்டைக் கடைசியில் எடுத்தாள். போட்டால் ஒலி அமுங்கி அமுங்கி வந்தது. நாடாவை முனையோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு உதிர்ந்திருந்தது. திருகாணி இல்லாத பழைய கூடு என்பதால் ரூபேந்திரன் கத்தியை விளிம்பில் கொடுத்துப் பிளந்தான்.

"நாடாவப் புடிச்சிக்க. மூச்சு விடாத."

"நீ முதல்ல கத்தியத் தள்ளி வை."

இரண்டு சுருளையும் வேறொரு கூட்டுக்குள் மாற்றி மூடினார்கள். இப்போது தெளிவாகக் கேட்டது. மொத்தம் நான்கு பாட்டுகள், எல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டுகள். மூன்றாவது பாட்டில் அந்தப் பெண்ணுக்கு இருமல் வந்துவிடும். அந்த இடத்தில் ஒரு பையன் தனியாக இரண்டு வரி பாடுவான். பிறகு பெண் திரும்பச் சேர்ந்துகொள்வாள். கிறிஸ்டினுக்கு எல்லாம் மனப்பாடம். ஆனால் கணினியில் ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவிக் கேட்டபோதுதான் முன்பு தெரியாத ஒன்று தெரிந்தது. முதல் பாட்டை விட நான்காவது பாட்டு வேகமாக இருந்தது. சுருதியும் ஏறியிருந்தது.

"பாடுறவங்க சுருதி ஏறலாம். ஆர்மோனியத்துக்கு எப்படி ஏறும்?" என்றாள்.

ரூபேந்திரன் கொஞ்சம் யோசித்தான். "பேட்டரி. பதியறப்ப பேட்டரி வீக்கா இருந்திருக்கும். மோட்டார் மெதுவா சுத்தியிருக்கும். நாம சரியான வேகத்துல போடுறோமா, பாட்டு வேகமா ஓடுது. பேட்டரி எறங்க எறங்க இன்னும் வேகமா ஓடும்."

"அப்ப முதல் பாட்டும் வேகம்தானா?"

"இருக்கும். எவ்ளோன்னு யாருக்குத் தெரியும்?"

அன்று கிறிஸ்டின் அண்ணனுக்குப் போன் செய்தாள். அம்மாவின் குரலை இருவரும் இத்தனை காலம் தவறான வேகத்தில் கேட்டிருக்கிறார்கள், அதனால்தான் அண்ணனுக்கு அது அம்மா மாதிரி தோன்றவில்லை என்று விளக்கினாள். வேகத்தைக் குறைத்தால் தெரிந்துவிடும் என்றாள்.

"நீ செய்யணும்னா செய்" என்றார் பிரெட்ரிக். பிறகு, "ஆர்மோனியம் வாசிச்சது கனகராஜ் அண்ணன். லாபிஸ்லதான் இருக்காரு. எந்தச் சுருதின்னு அவருக்குத்தான் தெரியும். அவரப் போய்ப் பாரு" என்றார்.

சனிக்கிழமை கிறிஸ்டினும் ரூபேந்திரனும் காரில் கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் போய் யோங் பெங்கில் இறங்கி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடுகளுக்கு நடுவே லாபிஸுக்குப் போனார்கள். ரப்பர் மரங்கள் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனைதான். கனகராஜ் பள்ளி எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். டவுனில் கோயிலுக்குப் பின்னால் வீடு. தோட்டத்துக் கோயிலை மூடியபோது ஆர்மோனியத்தைத் தானே தூக்கிவந்து, இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் வாசிப்பதாகச் சொன்னார். துருத்தித் தோலை மாற்றியிருக்கிறார். கட்டைகளைத் தொடவில்லை.

"அப்பவும் அஞ்சு கட்டை, இப்பவும் அஞ்சு கட்டை" என்றார். "அதுக்கு மேல போனா பொம்பளைங்களுக்குத் தொண்டை கிழிஞ்சிரும். அந்த ரெக்கார்டர் நம்ம தோட்டத்து ஆபீஸ் கிராணியோடது. பேட்டரி பழசு. புதுசு வாங்கணும்னா டவுனுக்கு வரணும், பஸ் போயிருச்சு. ஒங்கப்பாதான் பரவாயில்ல, பட்டன அமுக்குங்கன்னாரு."

கிறிஸ்டின் மடிக்கணினியை ஆர்மோனியத்தின் பக்கத்தில் ஒரு நாற்காலியில் வைத்தாள். முதல் பாட்டின் தொடக்கத்தில் ஆர்மோனியம் தனியாக ஒலிக்கும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். கனகராஜ் ஐந்தாம் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். இரண்டும் ஒட்டவே இல்லை, காதில் குத்தியது.

"எறக்கு" என்றார்.

வேகத்தை ஐந்து விழுக்காடு இறக்கினாள்.

"இன்னும்."

எட்டுக்குப் போனாள்.

"இன்னும் கொஞ்சம். ஆங், பக்கத்துல வந்துருச்சு. மெதுவா."

பதினொன்றில் இரண்டு ஒலிகளும் ஒன்றாயின. எது கணினியிலிருந்து வருகிறது, எது பெட்டியிலிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கனகராஜ் கையை எடுத்துவிட்டு, "பாட்டப் போடு" என்றார்.

பெண்குரல் எழுந்தது. மெல்லிசாக இல்லை. நிதானமாக, உறுதியாக, நல்ல கனத்தோடு மேலே போனது. கிறிஸ்டின் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். நன்றாக இருந்தது. அண்ணன் இதைக் கேட்டால் ஒத்துக்கொள்வார் என்று நினைத்தாள்.

கனகராஜ் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். "வெள்ளையம்மா! அச்சு அசலா வெள்ளையம்மாதான் லா."

கிறிஸ்டினுக்குச் சட்டென்று புரியவில்லை. "யாரு அங்கிள்?"

"பாடுறது வெள்ளையம்மா. முருகன் கோயில் வீட்டுப் பொண்ணு. கிறிஸ்துமஸ் வந்தா நம்ம கோயில்லயும் வந்து பாடும். ஏன், ஒனக்குத் தெரியாதா?"

"இது எங்கம்மா."

கனகராஜின் சிரிப்பு நின்றது. ரூபேந்திரனைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "ஒங்கம்மாவும் இருக்காங்கம்மா இதுல. பின்னால. அவங்க கீழ்க்குரல் பாடுவாங்க. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க. ஆனா மைக் வெள்ளையம்மா பக்கம் இருந்துச்சு."

அவர் மீண்டும் போடச் சொன்னார். "இதோ, இதோ" என்று விரலால் காட்டினார். பெண்குரலுக்கு அடியில் ஏதோ ஒன்று முனகுவது போல் இருந்தது. ஆர்மோனியத்தின் ஓசை என்றுதான் கிறிஸ்டின் இதுவரை நினைத்திருந்தாள். எவ்வளவு கேட்டும் அதைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை.

கனகராஜின் மனைவி கொடுத்த தேநீரைக் குடித்தார்கள். வெள்ளையம்மா உயிரோடுதான் இருக்கிறார், டவுனை ஒட்டிய குடியிருப்பில் மகனோடு இருக்கிறார் என்று கனகராஜ் சொன்னார். அவரே போனும் செய்து கொடுத்தார். கிறிஸ்டின் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வரலாமா என்று கேட்டாள்.

காரில் ஏறியதும் ரூபேந்திரன் எஞ்சினை முடுக்கவில்லை. "வீட்டுக்கே போயிரலாமா?" என்றான்.

"தெரியல. இத்தன வருஷமா யாரோ ஒருத்தங்க குரல வச்சு அழுதிருக்கேன்."

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு அவளே, "போ. அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றாள்.

வெள்ளையம்மா எழுபதைத் தாண்டியவர். உயரமான, எலும்பான உடம்பு. வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மகனுடைய நிலத்திலிருந்து வந்த ரம்புத்தான் பழங்களைக் கொத்துக் கொத்தாக நைலான் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். கிறிஸ்டின் செருப்பைக் கழற்றுமுன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"போன்ல நீ பேசினப்பவே எனக்குத் திக்குனு ஆயிருச்சு. ஒங்கம்மா அமலாதான் பேசுறான்னு நெனச்சேன். அதே தொண்டை."

கிறிஸ்டினின் குரல் தாழ்ந்த குரல். அலுவலகத்துக்கு போன் செய்கிறவர்கள் அவளை "என்சிக்" என்று ஆண் என நினைத்து அழைப்பதுண்டு. பள்ளியில் பாட்டுக் குழுவுக்கு எடுக்கவில்லை. அம்மாவின் குரலில் துளிகூடத் தனக்கு வரவில்லையே என்று அவள் பல தடவை நினைத்திருக்கிறாள். அதை அவள் வெள்ளையம்மாவிடம் சொல்லவில்லை. "அம்மா எப்படி ஆன்ட்டி பாடுவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆம்பளக் குரலும்பாங்க. லயத்து வீடுகள்ல இருக்கறவங்க கேலி பண்ணுவாங்க. அதனால தனியா பாட மாட்டா, வெக்கம். என் குரல் மேல போகும், அவ குரல் கீழ நிக்கும். கனகராஜ்தான் ரெண்டயும் சேத்து வச்சாரு. அவ இல்லன்னா எனக்குச் சுருதியே நிக்காது. வெட்டுக்காட்டுல எனக்கு அடுத்த மர நிரை அவளோடது. பாடிக்கிட்டே வெட்டுவோம்." ஒரு கொத்தை இறுக்கி முடிந்தார். "அந்த ரெக்கார்டிங் அன்னிக்கு எனக்குச் சளி. ஒரு பாட்டுல இருமல் வந்துருச்சு. நிறுத்திருவாங்கன்னு பாத்தேன். ஒங்கம்மா நிறுத்தல. அவளே பாடினா. இருக்கா அது?"

கிறிஸ்டின் மடிக்கணினியைத் திறந்து, முதலில் வேகத்தைக் குறைக்காமலே அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கொஞ்சம் ஓடவிட்டாள். மூன்றாவது பாட்டு முதல் பாட்டை விட வேகமாக ஓடும் என்பதால் பதினொன்று போதாது. பதின்மூன்று வரை கொண்டுபோனாள். முதல் பாட்டின் ஆர்மோனியத்தோடு ஒப்பிட்டுக் காதால் சரிபார்த்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தவறான இடத்தை அழுத்தினாள். ரூபேந்திரன் ரம்புத்தான் கூடையை நகர்த்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பாட்டு ஓடியது. வெள்ளையம்மாவின் குரல் மேலே போய், ஒரு சொல்லின் நடுவில் உடைந்தது. இருமல். மீண்டும் இருமல்.

பிறகு அந்தப் பையன் பாடினான். ஆனால் அது பையன் இல்லை. சரியான வேகத்தில் அது ஒரு பெண். தாழ்ந்த, கொஞ்சம் கரடுமுரடான குரல். முதல் வார்த்தையில் தயங்கியது. இரண்டாவது வார்த்தையில் திடமானது. இரண்டு வரிகளையும் அவசரமில்லாமல் பாடி முடித்தது. கடைசி எழுத்தில் வெள்ளையம்மா வந்து சேர்ந்துகொண்டார். அதன்பின் அந்தக் குரல் பழையபடி அடியில் போய்விட்டது.

"அவதான்" என்றார் வெள்ளையம்மா. கயிற்றைக் கீழே வைத்துவிட்டார்.

கிறிஸ்டினுக்கு அப்பா நினைவுக்கு வந்தார். அந்த இடம் வரும்போது அவர் நாற்காலியிலிருந்து எழுந்து ஒலியைக் கூட்டுவார்; இரண்டு வரி முடிந்ததும் குறைத்துவிட்டு உட்காருவார். இருமல் சரியாகக் கேட்கட்டும் என்றா கூட்டுகிறார் என்று சின்ன வயதில் அவள் நினைத்ததுண்டு. ஏனென்று கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. அவர் எதையும் இரண்டாவது தடவை விளக்குகிற மனிதர் இல்லை.

மீண்டும் போட்டாள். அதற்குப் பிறகும் போட்டாள். இப்போது மற்றப் பாட்டுகளிலும் அந்தக் குரலைப் பிடிக்க முடிந்தது. எங்கே தேடவேண்டும் என்று காதுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அழுதாள். அதிக நேரம் அழவில்லை. வெள்ளையம்மா எழுந்து உள்ளே போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "சாப்பிட்டுத்தான் போகணும். மருமக மீன் வாங்கியாந்திருக்கா" என்றார்.

அடுத்த ஞாயிறு பிரெட்ரிக் வந்தார். காலை நெரிசலில் பாலத்தில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த களைப்பு முகத்தில் இருந்தது. ரூபேந்திரன் ஆட்டிறைச்சி சமைத்துக்கொண்டிருந்தான். கிறிஸ்டின் அண்ணனைக் கணினி முன்னால் உட்காரச் சொன்னாள்.

"அண்ணே, நீ சொன்னது சரிதான். அது அம்மா இல்ல. வெள்ளையம்மான்னு ஒருத்தங்க."

பிரெட்ரிக்கின் முகத்தில் கோபமோ வெற்றியோ எதுவும் தெரியவில்லை. "வெள்ளையம்மா அக்கா" என்றார், நினைவு வந்தவர் போல. "சரி. அப்ப விடு."

"இரு. இதக் கேளு."

காதொலிப்பானை அவரே வாங்கி மாட்டிக்கொண்டார். அவள் இருமலிலிருந்து ஓடவிட்டாள். அவருடைய முகத்தைப் பார்க்கக் கூடாதென்று திரையையே பார்த்தாள். அலைகள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு வரியும் முடிந்தன. பிரெட்ரிக் கையை நீட்டி, கேட்காமலே, மறுபடி போட்டார். எப்படி என்று அவருக்குத் தெரியாததால் பாட்டு ஆரம்பத்துக்குப் போய்விட்டது. அதை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டார்.

காதொலிப்பானைக் கழற்றிய பிறகு, "குளிக்கக் கூப்பிடுறப்ப இந்தக் குரல்தான்" என்றார். "ஆத்துப் பக்கம் விளையாடிக்கிட்டு இருப்பேன். லயத்துக் கடைசி வீட்டுலேருந்து கூப்பிடும். மத்த பசங்க, ஒங்கப்பா கூப்பிடுறாருடாம்பானுங்க." காதொலிப்பானை மேசையில் வைத்தார். "நான் மறந்துட்டேனோன்னு நெனச்சிட்டேன் கிறிஸ். அப்பா அதப் போட்டு அம்மா பாடுறான்னு சொல்லச் சொல்ல, எனக்கு ஞாபகம் இருக்கறதுதான் தப்போன்னு."

"அப்பா பொய் சொல்லல அண்ணே."

"இல்ல. அம்மா பாடுறான்னுதான் சொன்னாரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் ஒழுங்கா உக்காந்து கேக்கல."

அம்மாவைப் பற்றி அன்று பிரெட்ரிக் நிறையச் சொன்னார். கிறிஸ்டினுக்கு அதில் பாதி புதிது. அம்மாவுக்குப் பூரான் என்றால் பயம். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளப் பார்த்துச் சாக்கடையில் விழுந்தார். மழை பெய்து வெட்டு இல்லாத நாள்களில் கிறிஸ்டினைத் தூளியில் போட்டுவிட்டு மகனோடு தாயம் ஆடுவார், தோற்றால் கோபித்துக்கொள்வார். சாப்பாடு ஆறிப்போகிறதென்று ரூபேந்திரன் மூன்று தடவை வந்து கூப்பிட்டான்.

நான்கு பாட்டுகளையும் ஒவ்வொன்றாக வேகம் சரிசெய்து முடிக்கக் கிறிஸ்டினுக்கு இன்னும் சில நாள்கள் பிடித்தன. முடித்ததும் அண்ணனுக்கும் கனகராஜுக்கும் அனுப்பினாள். வெள்ளையம்மாவின் மருமகள் எண்ணுக்கும் அனுப்பினாள். அன்று வாசலில் வெள்ளையம்மா அம்மாவின் குரலைத்தான் கவனித்தார்; தன் குரலை ஒழுங்காகக் கேட்டு அவருக்கு நாற்பது வருஷத்துக்கு மேலாகியிருக்கும். என்ன சொல்வாரோ என்று இருந்தது.

மறுநாள் மதியம், அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில், போன் வந்தது.

"கேட்டேன்" என்றார் வெள்ளையம்மா. "ஒங்கம்மா நல்லா பாடியிருக்கா. நான்தான் இழுத்து இழுத்துப் பாடுறேன். அலமாக், மாட்டு வண்டி மாதிரி போகுது. நான் இவ்ளோ மெதுவாவா பாடினேன்?"

"அதுதான் ஆன்ட்டி சரியான வேகம். கனகராஜ் அங்கிள் ஆர்மோனியத்த வச்சுப் பாத்தாரு."

"அவரு கெடக்காரு. நீ முன்னாடி போட்டுக் காட்டினியே, வேகமா, எலி கத்துற மாதிரி. அதுல நான் சின்னப் பொண்ணு மாதிரி இருந்தேன். அதயும் ஒண்ணு அனுப்பு லா."

கிறிஸ்டின் சிரித்துவிட்டாள். பழைய பதிவை அவள் அழிக்கவில்லை. அழிக்க மனம் வரவில்லை. சின்ன வயது முழுக்க அம்மா என்றதும் அவள் காதில் ஒலித்த குரல் அது. "வீட்டுக்குப் போனதும் அனுப்புறேன் ஆன்ட்டி" என்றாள்.